ஐஎல்எஸ் 'வரல' என்றால் யாருடைய ஐஎல்எஸ்?

கேள்வி, 2025 நவம்பர் 3

"விமானி வானொலி உரிமத்துக்கான ஆர்டிஆர் வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகிறேன் சார். பறக்கும்போது திசை காட்டும் விஓஆர் வானொலி ரிசீவர் போய்விட்டால் ஏடிசியிடம் (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) 'ஃபெயில்டு' என்று சொல்வதா, 'இன்ஆபரேட்டிவ்' என்பதா, 'அன்சர்விசபிள்' என்பதா? மூன்று புத்தகம் வைத்திருக்கிறேன், மூன்றிலும் வேறு வேறு மாதிரி இருக்கிறது. எதைச் சொன்னால் மார்க் போகாது?"

நவம்பர் 3, மாலை

மூன்றுமே சரி. எதைச் சொன்னாலும் கட்டுப்பாட்டு அறையில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றுதான் கேட்கும்: இந்த விமானத்துக்கு விஓஆர் கிடையாது. முப்பது வருடம் அப்படி உட்கார்ந்திருந்தவன் நான். மார்க் போகாது. போய்த் தூங்கு தம்பி.

நவம்பர் 3, இரவு 11.40

தம்பியைத் தூங்கச் சொல்லிவிட்டு நான் முழித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றும் சரி என்றேன். எது தப்பு என்று சொல்லவில்லையே.

தப்பு இதுதான்: "சார், ஐஎல்எஸ் இஸ் நாட் கமிங்." (ஐஎல்எஸ் என்பது விமானத்தை ஓடுதளத்துக்கு நேராக இறங்க வழிகாட்டும் வானொலி ஏற்பாடு.)

நம் ஊர்ப் பிள்ளைகள் வாயில் இது தன்னால் வரும். மனசுக்குள் 'ஐஎல்எஸ் வரல' என்று ஓடுவதை அப்படியே இங்கிலீஷில் இறக்கிவைப்பது. கரண்ட் வரல, குழாயில் தண்ணி வரல என்கிறோமே, அதே 'வரல'. கரண்ட் வரல என்றால் கோளாறு நம் வீட்டு ஃபியூஸிலா, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலா? அந்த வாக்கியத்துக்குள் பதில் கிடையாது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஐஎல்எஸ்ஸும் அப்படித்தான். அலை அனுப்பும் ஆன்டெனா தரையில் இருக்கிறது. வாங்கும் ரிசீவர் விமானத்தில். தரையில் உள்ளது என் பொறுப்பு, மேலே உள்ளது விமானியின் பொறுப்பு. எது செத்தது என்று சொல்லாமல் 'நாட் கமிங்' என்றால் நான் முதலில் என் வீட்டு ஃபியூஸைத்தான் பார்ப்பேன்.

ஒரு ஐப்பசி மாதம், அடைமழை. விமான நிலையத்தின் பெயர் வேண்டாம். இறங்க வந்த ஒரு விமானம் "ஐஎல்எஸ் ஃபெயில்டு" என்றது. பேனலைப் பார்த்தேன், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் பச்சை விளக்கை நம்ப மனசு வராது. பின்னால் வந்த இரண்டு பேரையும் ஹோல்டிங்கில் சுற்ற விட்டேன். தொழில்நுட்பப் பிரிவுக்குப் போன் போட்டேன். ஒரு பொறியாளர் பாவம், குடையோடு ஜீப்பில் ஏறி ஓடுதளத்தின் கடைக்கோடியில் இருக்கிற, ஐஎல்எஸ்ஸின் ஒரு பகுதியான லோக்கலைசர் அறைக்கு ஓடினார். அலை வரம்பு தாண்டினால் அங்கிருக்கும் மானிட்டர் தானே அதை அணைத்துவிடும். அணையவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. அதற்குள் ஹோல்டிங்கில் இருந்த ஒருவரிடம் "கன்ஃபர்ம் ரிசீவிங் ஐஎல்எஸ்" என்று கேட்டிருந்தேன். "அஃபர்ம்" என்று பதில் வந்தது. அப்படியானால் போனது முதல் விமானத்தின் ரிசீவர். பக்கத்து வீட்டு விளக்கை முதலிலேயே எட்டிப் பார்த்திருந்தால் அந்த மனுஷன் நனைந்திருக்க வேண்டாம்.

"அவர் ஐஎல்எஸ் ரிசீவர் ஃபெயில்டு" என்று சொல்லியிருந்தால் போதும். கூடுதலாக 'அவர்' (இங்கிலீஷில் 'எங்கள்'), 'ரிசீவர்' என்று இரண்டே சொல்.

நவம்பர் 4

விமானப் பராமரிப்பில் இருக்கும் ஒரு நண்பர் சண்டைக்கு வந்துவிட்டார். "மூன்றும் ஒன்று என்று எப்படிச் சொல்வீர்கள்? நாங்கள் எம்இஎல்லில் (எது பழுதானாலும் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல்) 'இன்ஆபரேட்டிவ்' என்ற சொல்லுக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலை வைத்துத்தான் விமானம் கிளம்பலாமா கூடாதா என்றே முடிவு செய்கிறோம்."

ஒத்துக்கொள்கிறேன், தரையில். டெக் லாக்கில் (விமானப் பழுதுப் பதிவேடு) கையெழுத்துப் போடுகிறவருக்கு அது சட்டச் சொல். ஆகாயத்தில் இருந்து வானொலியில் பேசும்போது கேட்கிறவனுக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை.

தேவைப்படுகிற வித்தியாசம் வேறு. 'ஃபெயில்டு' என்றால் செத்துவிட்டது. 'இன்டர்மிட்டென்ட்' என்றால் விட்டு விட்டு வருகிறது. 'அன்ரிலையபிள்' என்றால் ஏதோ காட்டுகிறது, ஆனால் நம்ப முடியாது. தமிழில் மூன்றுக்கும் 'வேலை செய்யல' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் செத்த கருவி, திக்கித் திக்கிப் பேசும் கருவி, பொய் சொல்லும் கருவி ஆகிய மூன்றையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. செத்தது பரவாயில்லை, முள் விழுந்துவிடும், சிவப்புக் கொடி எட்டிப் பார்க்கும், யாரும் ஏமாற மாட்டார்கள். பொய் சொல்வதுதான் ஆபத்து, ஏனென்றால் அது கொடி காட்டாது.

நவம்பர் 5

தம்பி திரும்பவும் கேட்கிறார்: "அப்போ என்ன ரிசீவர், எந்தப் பக்கம், எந்த பஸ்ஸில் (விமானத்தின் மின் தடம்) கரண்ட் போச்சு என்று எல்லாம் சொல்ல வேண்டுமா?"

வேண்டாம். இதில்தான் புத்தகங்கள் வழி தவற விடுகின்றன. பெட்டிகளின் பெயரை மனப்பாடம் செய்ய வைக்கின்றன. என் முன்னால் இருக்கிற திரையில் உன் பெட்டிகள் தெரியாது. எனக்கு வேண்டியது இரண்டு. உன்னால் இனி எதைச் செய்ய முடியாது? என்னிடம் என்ன வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் ஒன்று உண்டு. "அன்ஏபிள் ஆர்விஎஸ்எம் டியூ எக்விப்மென்ட்." 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையே விமானங்களை ஆயிரம் அடி இடைவெளியில் அடுக்குகிறோம், அதன் பெயர்தான் ஆர்விஎஸ்எம். அதற்கு விமானத்தில் தனித்தனியாக இயங்கும் இரண்டு உயரமானி, உயரத்தைப் பிடித்துவைக்கும் ஆட்டோபைலட், எச்சரிக்கைக் கருவி, ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அதில் எது போனது என்று இந்த வாக்கியம் சொல்லவே சொல்லாது. கேட்டவுடன் என் கை அந்த விமானத்தைச் சுற்றி 2,000 அடி ஒதுக்கப் போய்விடும். அப்புறம் சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆகவே தேர்வுக்கு: எது போனது, எதைச் செய்ய முடியாது, என்ன வேண்டும். "விஓஆர் ரிசீவர் ஃபெயில்டு, அன்ஏபிள் விஓஆர் அப்ரோச், ரிக்வெஸ்ட் ரேடார் வெக்டர்ஸ்." கடைசிப் பகுதிக்கு, ரேடாரைப் பார்த்து எனக்குத் திசை சொல்லுங்கள் என்று பொருள். நேரமில்லையா, முதலாவதை விட்டுவிடு. மற்ற இரண்டையும் விடாதே.

இவ்வளவு சிக்கலும் அந்நிய மொழியில் சொல்ல வேண்டியிருப்பதால்தான் என்று நினைக்கிறேன். தாய்மொழியில் பேசிக்கொண்டால் இந்தக் குழப்பம் பாதி இருக்காது.

நவம்பர் 6

"நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாக ஒரு விமானி பழுதான கருவிகளைப் பட்டியல் போட்டார், பத்திரமாக இறங்கினாரே" என்று ஒருவர் 2018 செப்டம்பர் 11 டெல்லி–நியூயார்க் விமானத்தை எடுத்துப் போட்டிருக்கிறார். ஏர் இந்தியா 101, போயிங் 777, உள்ளே 370 பயணிகள். அந்த வானொலி ஒலிப்பதிவு வெளியே வந்தபோது நானும் நாலைந்து தடவை கேட்டேன்.

உண்மைதான். விமானி பட்டியல்தான் போட்டார். ரேடியோ ஆல்டிமீட்டர் ஒன்றுதான் இருக்கிறது, டிகேஸ் (மோதல் தவிர்க்கும் கருவி) போயிற்று, ஆட்டோலேண்ட் (தானாக இறங்கும் வசதி) இல்லை, விண்ட்ஷியர் (திடீர்க் காற்று மாற்றம்) எச்சரிக்கை இல்லை, ஏபியூவும் (துணை மின் எஞ்சின்) அன்சர்விசபிள். நியூயார்க் கன்ட்ரோலர் அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு கேட்ட கேள்வியைக் கவனியுங்கள்: உங்கள் விமானத்தில் இரண்டு பக்க ஐஎல்எஸ்ஸும் போய்விட்டதா? ஆமாம் என்று பதில். பட்டியலில் எனக்குத் தேவையான வரி இதுதான். மேகம் தாழ்ந்திருந்த நாள், எரிபொருள் குறைந்துகொண்டிருந்தது. கடைசியில் நியூவார்க்கில் இறங்கினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விமானியைக் குறை சொல்லவில்லை. காக்பிட்டில் ஒன்றன் பின் ஒன்றாகச் செய்தி வந்து விழும்போது கண்ணில் படுகிற வரிசையில்தான் வாயில் வரும். நானாக இருந்தாலும் அப்படித்தான் ஒப்பித்திருப்பேன். சரி, என் விதியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்: பட்டியல் போட்டாலும் பரவாயில்லை, மறுமுனையில் இருப்பவன் அதிலிருந்து 'முடியாது'களைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவனாக இருந்தால். அந்த வேலையில் பாதி எங்களுடையது. தேர்வில் மட்டும் எல்லாவற்றையும் விமானி தலையில் கட்டுகிறோம்.

நவம்பர் 6, பிற்பகல்

கொஞ்சம் திசை மாறுகிறேன். உச்சரிப்பு பற்றிக் கேட்டிருந்தார்கள்.

நம் ஆட்களுக்கு இரண்டு சிக்கல். ஒன்று 'ஃபெயில்' என்பது 'பெயில்' என்று விழும். "பவர் ஃபெயிலியர்" என்பதை "பவர் பெயிலியர்" என்று ஒரு பையன் சொன்னபோது பக்கத்து மேஜையில் இருந்த வடக்கத்திக்காரர் "ஜாமீன் கேட்கிறானா?" என்றார். இரண்டு, பதற்றம் வந்தால் 'ஒன்லி'யும் 'இட்செல்ஃப்'பும் முளைக்கும். "வி ஆர் ஹோல்டிங் இன் பிரசென்ட் பொசிஷன் இட்செல்ஃப் ஒன்லி சார்." இதை ஒரு பிரெஞ்சுக்காரர் கேட்டால் என்ன நினைப்பார்?

ஆனால் ஒரு இடத்தில் நாம்தான் ராஜா. உலக விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகேஓ விதிப்படி மூன்றை 'ட்ரீ' என்றும் ஐந்தை 'ஃபைஃப்' என்றும் ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்ல வேண்டும். ஆயிரத்துக்கு நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்டும் 'த' கிடையாது, 'டவ்சண்ட்'. வெள்ளைக்காரர்கள் இதைப் பயிற்சி எடுத்துப் பழக வேண்டியிருக்கிறது. நம் பெட்டிக்கடைக்காரர் பிறவியிலேயே பழகியவர்.

நவம்பர் 8

டெல்லிச் செய்தியைப் பற்றி ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 6ஆம் தேதி விழுந்து நேற்றும் தொல்லை கொடுத்தது ஏஎம்எஸ்எஸ். விமானத் திட்டங்களை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பும் செய்தி அமைப்பு அது. அதனால்தான் நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதம். அதற்கு முன்னால் சில நாளாகப் பேசப்படும் ஜிபிஎஸ் ஸ்பூஃபிங் (பொய் அலையால் ஜிபிஎஸ்ஸை ஏமாற்றுவது) வேறு கதை. அதைப் பற்றி எழுதுகிறேன், அதற்கு முன் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது.

நவம்பர் 8, இரவு

பாக்கி இருந்தது இது.

பல வருடத்துக்கு முன்னால், ஒரு சின்னப் பயிற்சி விமானம். உள்ளே ஒரே ஒரு பையன். கீழே புகைமூட்டம். "மை ஹெடிங் இஸ் ரொட்டேட்டிங்" என்றான், குரல் உடைந்திருந்தது.

இதைக் கேட்டு எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. சுற்றுவது விமானமா, முள்ளா? விமானம் சுழன்று விழுகிறதென்றால் பேச நேரமே இல்லை. முள் மட்டும் சுற்றுகிறதென்றால் நிறைய நேரம் இருக்கிறது. அவன் சொன்ன வாக்கியம் இரண்டுக்கும் பொருந்தும். ரேடார் திரையைப் பார்த்தேன். புள்ளி நூல் பிடித்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. முள்தான் என்று தெரிந்தது, மூச்சு வந்தது. அந்தமாதிரி விமானங்களில் வாக்யூம் பம்ப் போனால் திசை காட்டும் கைரோவும் சாய்வு காட்டும் கைரோவும் சேர்ந்தே படுத்துவிடும். திரும்பும் வேகத்தைக் காட்டும் கருவி மின்சாரத்தில் ஓடுவதால் அது பிழைத்திருக்கும்.

இதற்கு ஒரு பழைய வித்தை உண்டு, அலகாபாத் பயிற்சிக் கல்லூரியில் டிசம்பர் குளிரில் கை விறைக்க விறைக்கப் பழகியது. எல்லாத் திருப்பத்தையும் ரேட் ஒன்னில் செய்யச் சொல்வோம், அதாவது நொடிக்கு 3 டிகிரி. சொன்ன கணமே செய்ய வேண்டும். அப்புறம் டிகிரி எதுவும் பேச மாட்டோம். "டர்ன் லெஃப்ட் நவ்." கைக்கடிகாரத்தில் நொடி முள்ளைப் பார்ப்பேன். 90 டிகிரி வேண்டுமென்றால் முப்பது நொடி. "ஸ்டாப் டர்ன் நவ்." அவ்வளவுதான். திசை காட்டும் கருவி என் மணிக்கட்டில் இருந்தது, அவன் விமானத்தில் இல்லை. அந்தப் பையன் அன்றைக்கு நாலு திருப்பத்தில் ஓடுதளத்தைப் பார்த்துவிட்டான்.

இப்போது யோசிக்கும்போதுதான் தெரிகிறது. அவன் இங்கிலீஷ் என்னைக் குழப்பியது, ஆனால் காப்பாற்றியது நல்ல இங்கிலீஷ் இல்லை. அவன் கருவியைச் சாராமல் அவனைப் பார்க்க என்னிடம் தனியாக ஒரு கண் இருந்தது.

நவம்பர் 9

5ஆம் தேதி கடைசியில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தாய்மொழியில் பேசினால் பாதிக் குழப்பம் இருக்காது என்றேன். ஒரு வாசகர் 'ஏரோபெரு 603' என்று மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வேறு ஒரு வார்த்தை இல்லை. சரியான அடி.

1996 அக்டோபர் 2. லிமாவிலிருந்து நள்ளிரவு கடந்து கிளம்பிய போயிங் 757. முந்தின வேலையில் விமானத்தைக் கழுவிப் பளபளப்பாக்கியவர்கள், காற்றழுத்தம் அளக்கும் ஸ்டேட்டிக் துளைகள் மேல் தண்ணீர் போகாமல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். உயரமும் வேகமும் அந்தத் துளைகளை நம்பித்தான் இருக்கின்றன. கிளம்பியவுடனேயே எல்லாம் தாறுமாறு. கீழே கடல், மேலே இருட்டு, வெளியே பார்க்க ஒரு வெளிச்சப் புள்ளி கிடையாது.

விமானியும் கன்ட்ரோலரும் ஸ்பானிஷில் பேசினார்கள். இரண்டு பேருக்கும் தாய்மொழி. கோளாறு என்று தெளிவாகச் சொன்னார்கள், உதவி என்று தெளிவாகக் கேட்டார்கள். எங்கள் உயரம் என்ன என்று கேட்டார்கள். கன்ட்ரோலர் தன் திரையைப் பார்த்து 9,700 அடி என்றார். விமானத்துக்குள்ளும் 9,700 என்றுதான் காட்டியது. ஆஹா, பொருந்துகிறதே. இறக்கை தண்ணீரைத் தொட்டபோதும் அந்த முள் 9,700இல்தான் நின்றது. 70 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

திரையில் தெரிந்த 9,700 ரேடார் அளந்த உயரம் இல்லை. எங்கள் ரேடார் உயரத்தை அளப்பதே இல்லை. விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் தன் உயரத்தைத் தானே சொல்லி அனுப்புகிறது, நாங்கள் அதைத் திரையில் எழுதிக்கொள்கிறோம். டேப் ஒட்டிய துளை சொன்ன பொய், டிரான்ஸ்பாண்டர் வழியாகத் தரைக்குப் போய், கன்ட்ரோலர் வாய் வழியாகத் திரும்பி விமானத்துக்கே வந்தது. அங்கே அது சாட்சி ஆகிவிட்டது.

இத்தனைக்கும் உண்மை சொல்லும் ஒன்று உள்ளேயே இருந்தது. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கும் கருவி கத்திக்கொண்டே இருந்தது. அது காற்றழுத்தத்தை நம்பாமல் ரேடியோ அலையைக் கீழே அடித்து உயரம் பார்ப்பது. ஆனால் எச்சரிக்கைகள் ஒன்றுக்கொன்று முரணாக எல்லாப் பக்கமும் அடித்துக்கொண்டிருந்தபோது எது மெய் என்று யாருக்குத் தெரியும்?

முப்பது வருடம் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். விமானி உயரம் கேட்டால் திரையைப் பார்த்து வாசித்துவிடுவேன். "இது உங்கள் டிரான்ஸ்பாண்டர் சொன்னது, என் கணக்கு இல்லை" என்று ஒருமுறைகூடச் சேர்த்துச் சொன்னதில்லை. யாரும் சொல்லச் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. நேற்று இரவு இதை நினைத்துக்கொண்டு மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் நடந்தேன்.

நவம்பர் 11

"அப்போ ரேடாரை நம்பவே கூடாதா?" என்று தம்பி பயந்துவிட்டார். அப்படி இல்லை. நீ எங்கே இருக்கிறாய், தரைமேல் எவ்வளவு வேகத்தில் நகர்கிறாய் என்பதை ரேடார் தானே அளக்கிறது. கேள்வியை அனுப்பி, பதில் வந்து சேரும் நேரத்தை வைத்துத் தூரம். அது என் கணக்கு, அதை நம்பு. உயரம் மட்டும் உன் பேச்சு.

இப்போது டெல்லிக்கு வருகிறேன். ஜாமிங் என்றால் ஜிபிஎஸ் செவிடாகிவிடும். ஸ்பூஃபிங் என்றால் பொய் அலையை ஊட்டிவிடுவார்கள், அது நம்பிக்கொண்டு ஓடும். வரைபடத்தில் விமானம் தாவும், காக்பிட் கடிகாரம்கூட முன்பின் ஓடலாம், நடு ஆகாயத்தில் "டெரெய்ன், புல் அப்" என்று கத்தும். இதெல்லாம் ஒரு நாளில் முளைத்ததில்லை. 2023 நவம்பருக்கும் 2025 பிப்ரவரிக்கும் இடையே எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், 465 ஜிபிஎஸ் குறுக்கீடுகள் என்று மக்களவையிலேயே பதில் சொன்னார்கள்.

இங்கேதான் 9ஆம் தேதிக் குறிப்பு என்னை உறுத்துகிறது. ஏடிஎஸ்-பி என்ற புது ஏற்பாட்டில் விமானம் தன் உயரத்தை மட்டுமல்லாமல் தன் இடத்தையும் தானே சொல்லி அனுப்பும். எங்கிருந்து எடுத்து? ஜிபிஎஸ்ஸிலிருந்து. விமானி "எங்கள் பொசிஷனில் சந்தேகம், உங்கள் திரையில் எங்கே தெரிகிறோம்?" என்று கேட்டு, ஏடிஎஸ்-பி மட்டும் உள்ள இடத்தில் ஒரு கன்ட்ரோலர் திரையைப் பார்த்துப் பதில் சொன்னால்? லிமா கதைதான். உயரத்துக்குப் பதில் இடம், டேப்புக்குப் பதில் பொய் அலை.

பழைய ரேடார் இருக்கிற இடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கிழம் என்று கழித்துக்கட்ட நினைப்பவர்கள் கவனிக்க.

நவம்பர் 11, சற்று நேரம் கழித்து

சொல்ல விட்டது. இதற்கு என்ன பேசுவது? "ஜிபிஎஸ் ஃபெயில்டு" என்று சொல்லாதே, அது செத்ததற்கான சொல். "ஜிஎன்எஸ்எஸ் அன்ரிலையபிள், அன்ஏபிள் ஆர்என்பி, ரிக்வெஸ்ட் ரேடார் வெக்டர்ஸ்." ஜிஎன்எஸ்எஸ் என்பது ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் வழிகாட்டிகளுக்குப் பொதுப்பெயர், ஆர்என்பி என்பது அதை நம்பித் துல்லியமாகப் பறக்கும் முறை. முதல் பகுதி என் தலையில் மணி அடிக்கும், இவன் ஏடிஎஸ்-பியையும் நம்பக் கூடாது என்று. மற்றவர்களையும் எச்சரிப்பேன். இப்போது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ, இப்படி ஏதாவது பட்டால் பத்து நிமிடத்துக்குள் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறது. விமானியும் சரி, கன்ட்ரோலரும் சரி.

நவம்பர் 15

விமானிகளுக்கான ஆங்கில மொழித் திறன் சான்று பற்றிக் கேட்டவருக்கு: லெவல் 4 இருந்தால் பறக்கலாம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேர்வு. லெவல் 5 என்றால் ஐந்து வருடம். லெவல் 6க்கு மறுதேர்வு இல்லை.

இந்த ஏற்பாடு வந்ததற்கு நம் ஊர் விபத்து ஒன்றும் காரணம். 1996 நவம்பர் 12, ஹரியானாவில் சார்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி 747உம் கஜகஸ்தான் இல்யூஷினும் மோதி 349 பேர் போனார்கள். ஒருவருக்கு 14,000, இன்னொருவருக்கு 15,000 என்று உயரம் கொடுத்திருந்தது. டெல்லியில் அப்போது விமானத்தின் உயரத்தைத் திரையில் காட்டும் ரேடாரே பயன்பாட்டில் இல்லை. லிமாவுக்கு ஆறு வாரம் கழித்து இது. அங்கே திரையில் பொய் உயரம், இங்கே உயரமே இல்லை. எது மோசம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நவம்பர் 15, திருத்தம்

லெவல் 5க்கு ஆறு வருடம். ஐந்து என்று எழுதியது என் கவனக்குறைவு. எண் ஐந்தைப் பார்த்துக் கை ஐந்தை எழுதிவிட்டது. நல்லவேளை, உயரம் கொடுக்கும் வேலையில் இப்போது நான் இல்லை.

டிசம்பர் 2

நேற்று நாடாளுமன்றத்தில் பதில் வந்துவிட்டது. டெல்லியில் ஓடுதளம் 10ஐ நோக்கி ஜிபிஎஸ் வழியில் இறங்க வந்த சில விமானங்கள் ஸ்பூஃபிங்கைத் தெரிவித்தன, மாற்று நடைமுறையில் சமாளித்தார்கள், பழைய பாணி வழிகாட்டிக் கருவிகள் இருந்த மற்ற ஓடுதள முனைகளில் பாதிப்பில்லை என்கிறது அது. சென்னை உட்பட வேறு சில நகரங்களிலிருந்தும் குறுக்கீட்டுப் புகார்கள் வந்திருக்கின்றனவாம்.

'பழைய பாணி' என்பதை இரண்டு தடவை படித்தேன். அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு ஓடினாரே அந்தப் பொறியாளர், அவர் பார்த்துக்கொண்ட சாமான் அது.

டிசம்பர் 6

தம்பிக்கு மாதிரித் தேர்வு வைத்தேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, போனில். முகம் பார்த்துப் பேசினால் பாதிப் புரிதல் கண்ணாலேயே நடந்துவிடும், அது ஏமாற்று. சமையலறையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, அதுவும் நல்லதுதான், காக்பிட்டில் மட்டும் அமைதியா இருக்கிறது?

விஓஆர், ஐஎல்எஸ், ஆர்விஎஸ்எம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னான். 'ரிசீவர்' என்று ஒவ்வொரு தடவையும் மறக்காமல் சேர்த்தான். கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் லிமாவைக் கொண்டுவந்தேன். உன் வேகமானியும் உயரமானியும் ஒத்துப்போகவில்லை, இரவு, கடல் மேலே, பேசு என்றேன்.

"ஏர்ஸ்பீட் அண்ட் ஆல்டிடியூட் அன்ரிலையபிள், ரிக்வெஸ்ட் அவர் ஆல்டிடியூட்" என்றான்.

நான் கன்ட்ரோலர் குரலில், "ரேடார் ஷோஸ் நைனர் டவ்சண்ட் செவன் ஹண்ட்ரட்" என்றேன். அவ்வளவுதான், விழுந்துவிடுவான் என்று நினைத்தேன்.

இரண்டு நொடி சத்தமில்லை. அப்புறம்: "கன்ஃபர்ம் தட் இஸ் நாட் ஃப்ரம் மை டிரான்ஸ்பாண்டர்?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் தயார் செய்து வைத்திருக்கவில்லை. கையில் இருந்த தாளைப் புரட்டினேன், அதிலும் இல்லை. "ஸ்டாண்ட்பை" என்றேன்.

முதுகுக்குப் பின்னால் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்து முடித்துவிட்டு, "ரோஜர், ரிக்வெஸ்ட் கிரவுண்ட் ஸ்பீட்" என்றான். கொடுத்தேன்.

'ஃபெயிலியர்' மட்டும் இன்னும் 'பெயிலியர்' என்றுதான் விழுகிறது. தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கிறது.